மேனேஜர் வாங்கிய சர்வர்

இந்த ஒரு விஷயத்திலாவது தன் பேச்சுதான் எடுபட வேண்டும் என்று மேனேஜர் முடிவு கட்டியபோது அவர் வாயில் பல் பிரஷ் இருந்தது. அதனால் முடிவை உடனே அறிவிக்க வழியில்லை. கொப்பளித்துவிட்டுக் கம்பீரமாக வெளியே வந்தார்.

"ஈரத் துண்டைக் கட்டில் மேல போடாதீங்க" என்றாள் மனைவி.

துண்டைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் கம்பீரத்தில் பாதி வடிந்துவிட்டது. மீதியை டீயோடு சேர்த்து விழுங்கினார்.

உண்மையில் அவர் இப்போது எதற்கும் மேனேஜர் இல்லை. ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வெகுகாலம் மேனேஜராக இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர். அது யாருடைய விருப்பம் என்பதில் ஆபீசுக்கும் அவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நாற்காலி போய்விட்டது; பட்டம் மட்டும் கூடவே வந்துவிட்டது. துணி தேய்க்கிறவர் முதல் கீழ்வீட்டுக்காரர் வரை எல்லோருக்கும் அவர் மேனேஜர்தான்.

அவர் வீட்டுக்கு வந்த அதே சமயத்தில்தான் மனைவி சொந்தத் தொழில் தொடங்கினாள். கட்டடப் படம் வரைவது அவள் வேலை. இத்தனை வருஷம் ஒரு கம்பெனிக்கு வரைந்து கொடுத்தவள், இப்போது வீட்டு முன்ஹாலில் மூன்று கம்ப்யூட்டர், ஒரு பெரிய பிரின்ட்டர், உதவிக்கு இரண்டு பெண்கள் என்று தானே ஓர் ஆபீஸ் போட்டுவிட்டாள். அந்தப் பெண்களில் ஒருத்தி கண்ணாடி போட்டவள். இன்னொருத்தி எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள். இருவரும் மனைவியை "அக்கா" என்று கூப்பிடுவார்கள். மேனேஜரை "சார்" என்பார்கள். அக்காவின் வீட்டுக்காரர் எப்படி சார் ஆக முடியும் என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது.

தொழிலில் கைகொடுக்கிறேன் என்று அவரும் இறங்கினார். முதலில் அந்தப் பெண்கள் உட்காரும் விதத்தைத் திருத்தினார். பிறகு மேஜைகளை இடம் மாற்றினார். மாற்றிய மேஜைகளை மறுபடி பழைய இடத்துக்கே மாற்றினார். அதற்கப்புறம் போனை எடுக்க ஆரம்பித்தார். ஆசை ஆசையாக வீடு கட்ட நினைத்துக் கூப்பிட்ட ஒரு மனிதரிடம், "என்ன விஷயம்? எந்த பாலிசி? நம்பரைச் சொல்லுங்க" என்று பழக்கதோஷத்தில் அதட்ட, அந்த மனிதர் வீடு கட்டும் எண்ணத்தையே கைவிட்டுவிட்டார்.

காலையில் எழும்போதே மனைவி அலுத்துப்போய் எழுந்தாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மாடிப்படி காணாமல் போனது.

நடந்தது இதுதான். ஒரே வீட்டின் படம் மூன்று கம்ப்யூட்டரிலும் தனித்தனியாக இருந்தது. மாடிப்படியை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றச் சொன்னார் வீடு கட்டுகிறவர். கண்ணாடிக்காரப் பெண் தன் கம்ப்யூட்டரில் இடது படியை அழித்துவிட்டு, வலது பக்கம் அக்கா போட்டுவிடுவாள் என்று இருந்தாள். அக்கா தன் கம்ப்யூட்டரில் வலது பக்கம் போட்டாள். சிரிக்கிற பெண் கண்ணாடிக்காரியின் படத்தை எடுத்து, பெரிதாக பிரின்ட் போட்டு, சுருட்டி, ரப்பர் பேண்ட் மாட்டி அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் வீடு கட்டுகிறவர் போன் செய்தார்.

"படம் ரொம்ப அழகா இருக்கு மேடம். ஒரே ஒரு சந்தேகம். நாங்க மாடிக்கு எப்படிப் போறது?"

அன்றைக்குத்தான் மனைவி சொன்னாள்: "எல்லாப் படமும் ஒரே இடத்துல இருக்கணும்ங்க. ஒரு சர்வர் வாங்கிடணும்."

மேனேஜருக்குக் காது விடைத்தது. மறுநாள் காலை பிரஷ்ஷும் வாயுமாக எடுத்த முடிவு இதைப் பற்றியதுதான். இனி இந்த வீட்டில் சர்வர் விஷயம் அவர் விஷயம்.

உடனே படிப்பில் இறங்கினார். பகல் முழுக்கக் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, சர்வர்களைப் பற்றிப் பேசுகிறவர்களின் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார். அவர்கள் பேசியதில் பாதி புரியவில்லை. புரியாத பாதிதான் அவருக்கு அதிகம் பிடித்தது. சாப்பாட்டு மேஜையில் அதையெல்லாம் எடுத்துவிட்டார்.

"சர்வர்னா என்னன்னு நினைச்சே நீ? யார், எப்ப, எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காம எடுத்துக் குடுக்கும். பகல் ராத்திரி பாக்காது. லீவு கேக்காது. இதை எங்க வச்சீங்க, அதை எங்க வச்சீங்கன்னு திருப்பிக் கேக்காது."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "தெரியும்ங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்தே தெரியும்."

"அது வேற. இதுல ரெய்டு கண்டிப்பா இருக்கணும்."

"நம்ம வீட்டுலயா? பீரோவைத் திறந்தா உங்க பழைய டைங்கதான் கொத்தா தொங்குது. எதைத் தேடி வருவாங்க?"

"ரெய்டுன்னா அந்த ரெய்டு இல்லம்மா! நாலஞ்சு டிஸ்க்கை ஒண்ணாச் சேர்த்துப் போடறது. ஒரு டிஸ்க் போனாலும் மத்ததை வச்சு சமாளிச்சுக்கும். அப்புறம் பேக்கப் ரொம்ப முக்கியம்."

"அதான் ஏற்கெனவே ஆபீஸ்ல உங்களைப் பேக்கப் பண்ணி அனுப்பிட்டாங்களே."

மேனேஜர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதவர்போல் குழம்பை ஊற்றிக்கொண்டார். "முக்கியமான விஷயம் இனிமேதான். பெரிய சர்வர்ல ரெண்டு பவர் சப்ளை இருக்கும். ஒண்ணு வேலை செய்யும். இன்னொண்ணு சும்மா பக்கத்துலயே நிக்கும்."

"நம்ம வீடு மாதிரி."

சிரிக்கிற பெண் ஹாலில் இருந்தே சிரித்தாள். கதவு மூடியிருக்கிறது என்று மேனேஜர் நினைத்திருந்தார்.

மனைவி பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். "இங்க பாருங்க. சின்னப் பெட்டி ஒண்ணு கிடைக்குது. செருப்பு டப்பா அளவுதான். உள்ள ரெண்டு டிஸ்க். ஒண்ணுல எழுதறதை இன்னொண்ணுலயும் அப்படியே எழுதிக்கும். நாம மூணு பேரு. நமக்கு அது தாராளம். வாரா வாரம் ஒரு காப்பி எடுத்து என் தங்கச்சி வீட்டுல வச்சிட்டா, இந்த வீடே எரிஞ்சாலும் படம் பத்திரமா இருக்கும்."

"வீடு எரியும்போது நான்?"

"நீங்க என்ன படமா?"

"அந்தப் பெட்டியெல்லாம் விளையாட்டுச் சாமான். நாளைக்கு நம்ம ஆபீஸ்ல அம்பது பேரு வேலை செய்வாங்க. அப்ப என்ன பண்ணுவே?"

"அம்பது பேரும் எங்க உக்காருவாங்க? உங்க மடியிலயா?"

"எதிர்காலத்தை நினைச்சு வாங்கணும்."

"எனக்கு நிகழ்காலத்தை நினைச்சாலே தூக்கம் வருதுங்க."

மேனேஜர் எழுந்து நின்றார். "இதோ பாரு. இந்த ஒரு முடிவை எங்கிட்ட விட்டுடு. நான் ஆபீசையே கட்டி ஆண்டவன்."

மனைவி அவரைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். ஹால் பக்கம் திரும்பி, அவர் அன்று மறுபடி இடம் மாற்றிவைத்திருந்த மேஜையைப் பார்த்தாள்.

"சரி. உங்க இஷ்டம். ஆனா ஒரு கண்டிஷன். வாங்கறது நீங்க, பாத்துக்கறதும் நீங்க. ஆபீஸ் நேரம் முழுக்க அது பக்கத்துலயே யாராவது இருக்கணும். எங்களால முடியாது."

"நான் இருக்கேன்!"

"உங்களுக்கு ஹாலுக்கு வந்து எட்டிப் பாக்கக்கூட நேரம் இருக்காது."

"வேணாம்! எனக்கு அதைவிட என்ன வேலை?"

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"மேனேஜர் வாக்கு!"

மனைவி சிரித்தாள். மரியாதைச் சிரிப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பழைய மெஷின் கடை ஒன்று ஊருக்குள்ளேயே இருந்தது. பெரிய ஆபீசுகள் கழித்துக்கட்டிய மெஷின்களை எடுத்துத் துடைத்து விற்கிற கடை. கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் ஆளை எடைபோட்டுவிட்டார்.

"வாங்க சார். பாத்தாலே தெரியுது, பெரிய பொறுப்புல இருந்தவர்னு."

மேனேஜருக்கு உச்சி குளிர்ந்தது. "சர்வர் பாக்கணும். சின்னதெல்லாம் காட்டாதீங்க."

"உங்களுக்கு நான் சின்னது காட்டுவேனா?"

கடையின் பின்கட்டில் இரும்புக் கூண்டோடு நின்றிருந்தது அது. கன்னங்கரேல் என்று, கதவு வைத்து, கதவில் பூட்டு வைத்து, உள்ளே தட்டுத் தட்டாக. முன்பக்கம் டிஸ்க்குகள் வரிசையாகச் சொருகியிருந்தன. கடைக்காரர் ஒரு டிஸ்க்கின் கைப்பிடியைத் தொட்டுக் காட்டினார்.

"ஓடிட்டு இருக்கும்போதே இதுல ஒண்ணை உருவலாம் சார். மெஷின் அசையாது. புதுசு சொருகினா, அதுபாட்டுக்கு ஏத்துக்கும்."

"அப்படியா!" மேனேஜரின் கண்ணில் நீர் நிற்காத குறை.

"ஒரு பெரிய ஆபீசே இதை நம்பி ஓடிச்சு சார்."

அப்புறம் ஏன் விற்றார்கள் என்று கேட்டிருக்கலாம். மனைவி வந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பாள். அதனால்தான் அவர் அவளை அழைத்துப் போகவில்லை.

மெஷின் வீட்டுக்கு வந்த அன்று நான்கு பேர் சுமந்தார்கள். மாடி வளைவில் ஒருத்தர் சுவருக்கும் கூண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். அவரை விடுவிப்பதற்குள் சுவரில் ஒரு கோடு விழுந்துவிட்டது. மேலே வந்ததும் ஹாலில் வைக்கப் பார்த்தார்கள்.

"அளந்துதான் வாங்கினீங்களா?" என்றாள் மனைவி. அவள் கையில் டேப் இருந்தது.

"அளக்காம இருப்பேனா? உயரம், அகலம், ரெண்டும் அளந்தேன்."

"ஆழம்?"

மேனேஜர் மெஷினைப் பக்கவாட்டில் போய் நின்று பார்த்தார். அது பின்னாலும் நீண்டுகொண்டே போனது. முன்னாலிருந்து பார்த்தால் பீரோ; பக்கத்திலிருந்து பார்த்தால் கட்டில்.

கடைசியில் அவருடைய அறைக்குத்தான் போனது. அவர் மத்தியானம் சாய்கிற ஈசி சேர் இருந்த இடத்தில் மெஷின் நின்றது. ஈசி சேரை மடக்கிப் பரண்மேல் போட்டாயிற்று. துணி அலமாரியின் கதவு இனி ஒரு சாண் மட்டுமே திறக்கும். அதற்குள் கையை விட்டு அகப்பட்ட சட்டையைத்தான் போட முடியும். எப்போது விட்டாலும் அதே கட்டம் போட்ட சட்டைதான் அகப்பட்டது. மெஷினுக்கு முன்னால் முதுகில்லாத ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தாள் மனைவி.

சுவிட்சைப் போட்டார். முதலில் ஒரு முனகல். பிறகு அறையிலிருந்து விமானம் கிளம்பியது.

பத்து விசிறியோ பன்னிரண்டோ, எல்லாம் ஒரே நேரத்தில் ஊளையிட்டன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. காலண்டர் சுவரிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தது. கீழ்வீட்டுக்காரர் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"மேனேஜர், மேல மாவு மில்லு வச்சிருக்கீங்களா?"

"என்னது?"

"மாவு மில்லு!"

"சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு! நீங்க?"

கீழ்வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி கை கூப்பினாள். அவர் இறங்கிப் போய்விட்டார். சில காலத்துக்குச் சொந்தக்காரர் வீட்டில் இருந்து பார்ப்பதாகப் பிற்பாடு தகவல் வந்தது.

விசிறிகள் கொஞ்சம் தணிந்தன. சூடு ஏறியது. படுக்கையறை ஏசியைக் கழற்றி மெஷினுக்கு மாட்டினார்கள். அதிகக் குளிரும் ஆகாதாம், அதிகச் சூடும் ஆகாதாம். மேனேஜர் ஸ்டூலில் உட்கார்ந்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, தோளில் போர்வையும் நெற்றியில் வியர்வையுமாக மெஷினைக் கவனித்தார். பச்சை விளக்குகள் எரிந்தன. அவ்வளவுதான் அவற்றின் வேலை. அவற்றைப் பார்ப்பது இவர் வேலை.

"படமெல்லாம் இதுலதானே போடறீங்க?" என்று மனைவியிடம் கேட்டார்.

"போட்டாச்சுங்க."

"எப்படி இருக்கு?"

"மாடிப்படி காணாம போகலை. அதுவே போதும்."

நாட்கள் போயின. ஹாலில் மேஜைகள் இருந்த இடத்தில் இருந்தன. போனை மனைவி எடுத்தாள். அந்தப் பெண்கள் இஷ்டப்படி சாய்ந்து உட்கார்ந்து வரைந்தார்கள். மேனேஜர் டீ குடிக்க மட்டும் வெளியே வருவார். பிரின்ட்டருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. கப் வைக்க வாகாக இருக்கும். வெதுவெதுப்பாகவும் இருந்ததால் டீ சீக்கிரம் ஆறாது. குடித்துவிட்டு மறுபடி விமானத்துக்குள் போய்விடுவார்.

முதுகு வலித்தது. காது உள்ளுக்குள் ரீங்காரம் போட்டது. கண்ணை மூடினாலும் பச்சையாகவே தெரிந்தது. 'இன்னும் கொஞ்ச நாள்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். எதற்கு இன்னும் கொஞ்ச நாள் என்பது அவருக்கே தெரியவில்லை.

இந்த நிலையில் மனைவிக்குப் பெரிய வேலை ஒன்று வரும்போல் இருந்தது. ஒரு பில்டர். ஒரே இடத்தில் வரிசையாக வீடுகள் கட்டப்போகிறவர். அத்தனை படமும் இவள்தான் வரைய வேண்டும். மாதிரிக்கு ஒரு வீட்டை முழுதாக வரைந்து வைத்திருந்தாள். கண் வீங்க வீங்க உட்கார்ந்து வரைந்தது. பில்டர் நேரில் வந்து ஆபீசையும் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார். இது கிடைத்தால் ஆபீஸ் காலூன்றிவிடும். இல்லாவிட்டால் பழைய கம்பெனிக்கே திரும்பிப் போய் நிற்க வேண்டியதுதான்.

"அவர் வர்ற அன்னைக்கு நீங்க எதையும் தொடாதீங்க" என்றாள்.

"நான் எதைத் தொடப் போறேன்?"

பில்டர் வருகிற காலையில் மேனேஜர் நேரத்தோடு குளித்து, கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் யோசனை வந்தது. வருகிறவருக்கு மெஷினின் பெருமையைக் காட்டினால் என்ன? ஓடும்போதே ஒரு டிஸ்க்கை உருவிக் காட்டினால் மனிதர் அசந்துபோவார். எதற்கும் ஒரு தடவை ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு டிஸ்க்கை உருவினார். மெஷின் அசையவில்லை. கடைக்காரர் சொன்னது அப்பட்டமான உண்மை. ஆனால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. 'பீப் பீப்' என்று கத்தத் தொடங்கியது. உருவியதை அவசரமாக உள்ளே தள்ளப் போன மேனேஜர், பதற்றத்தில் பக்கத்து டிஸ்க்கின் கைப்பிடியை இழுத்துவிட்டார்.

அதுவும் கையோடு வந்துவிட்டது.

எல்லா விளக்கும் சிவப்பானது. விசிறிகள் முதல் நாள் போலவே முழு மூச்சில் ஊளையிட்டன. இரண்டு கையிலும் இரண்டு டிஸ்க்கை வைத்துக்கொண்டு மேனேஜர் நின்றார். ஒன்று போனால் சமாளிக்கும். இரண்டு போனால் எல்லாமே போனதுதான். வீடியோவில் அவருக்குப் புரிந்த பாதியில் அது ஒன்று.

அவருக்கு மெஷின் நினைவே வரவில்லை. வீங்கிய கண்ணோடு உட்கார்ந்து வரைந்தவள்தான் நினைவுக்கு வந்தாள்.

சமையலறைக்குப் போனார். மனைவி கப்புகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா..."

"என்னங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?"

"தப்பு பண்ணிட்டேம்மா. டிஸ்க்கை உருவிட்டேன். ரெண்டு. படமெல்லாம் போச்சு. நீ வரைஞ்சது எல்லாம் போச்சு." இரண்டு டிஸ்க்கையும் நீட்டினார். "நானே பில்டர்கிட்ட சொல்லிடறேன். என்மேலதான் தப்புன்னு."

மனைவி அவர் கையிலிருந்த இரண்டு டிஸ்க்கையும் வாங்கி, அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க. சட்டையில வியர்வை."

"நான் சொன்னது காதுல விழுந்துதா?"

"விழுந்துது. கழுவிட்டு வாங்க."

அவர் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் பில்டர் வந்துவிட்டார். ஆள் வாட்டசாட்டம். எதையும் பெரிதாகவே பார்த்துப் பழகியவர் என்பது அவர் உட்கார்ந்ததும் நாற்காலி போட்ட சத்தத்தில் தெரிந்தது. மனைவி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து மாதிரி வீட்டின் படத்தைத் திறந்தாள்.

படம் திறந்தது.

வாசல், ஹால், ஜன்னல்கள், வலது பக்கம் மாடிப்படி, எல்லாம் கோடு பிசகாமல் வந்து நின்றன. பில்டர் இங்கே திருப்பச் சொன்னார், அங்கே பெரிதாக்கச் சொன்னார். எல்லாம் வந்தது. மேனேஜர் சுவரைப் பிடித்துக்கொண்டார். உள்ளே அவருடைய மெஷின் 'பீப் பீப்' என்று செத்துக்கொண்டிருக்கிறது. இங்கே படம் உயிரோடு ஓடுகிறது.

கண்ணாடிக்காரப் பெண்ணிடம் குனிந்து கிசுகிசுத்தார். "எங்கிருந்தும்மா வருது இதெல்லாம்?"

அவள் பிரின்ட்டர் பக்கம் கண்ணைக் காட்டினாள். அங்கே சாம்பல் நிறப் பெட்டியின்மேல், நேற்று சாயங்காலம் அவர் வைத்துவிட்டுப் போன டீ கப்.

"இதுவா?"

"ரெண்டு டிஸ்க் சார். உங்க மெஷின் வர்றதுக்கு முந்தின நாளே அக்கா வாங்கிட்டாங்க. உங்க மெஷின்ல முதல் நாள் ஒரே ஒரு காப்பி போட்டோம். சும்மா, உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு."

மேனேஜருக்கு நிம்மதியில் அழுகை வந்தது. அவமானத்திலும் வந்தது. எது எந்தக் கண்ணில் வந்தது என்று பிரிக்க முடியவில்லை.

அதற்குள் பில்டர் காதைத் தீட்டினார். "உள்ள என்ன சத்தம் மேடம்?"

"சர்வருங்க."

"பாக்கலாமா?"

மேனேஜர் தடுப்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். இருட்டறையில் கரிய கூண்டு, வரிசை வரிசையாகச் சிவப்பு விளக்கு, காதைக் கிழிக்கிற ஊளை. பில்டர் வாயைப் பிளந்தார்.

"அடேங்கப்பா! எங்க ஆபீஸ்ல அம்பது பேரு இருக்கோம். இருக்கற மெஷின் இருமிட்டுக் கிடக்கு. புதுசு பாத்துச் சொல்லுங்கன்னா ஆளுக்கு ஒண்ணு சொல்றானுங்க. மேடம், இந்த மாதிரி எங்க கிடைக்கும்?"

மனைவி அவசரப்படவில்லை. சேலைத் தலைப்பால் கூண்டின்மேல் இருந்த தூசியைத் துடைத்தாள்.

"உங்களுக்கு ஒளிக்காம சொல்றேன். இது பழசு, ஆனா நல்ல மெஷின். அம்பது பேருக்குத் தாங்கும். நாங்க மூணு பேருதான், எங்களுக்கு இது அதிகம். இப்ப ரெண்டு டிஸ்க் வெளிய இருக்கு, புதுசா செட் பண்ணணும். உங்ககிட்ட இடம் இருந்தா எடுத்துக்கங்க. நாங்க வாங்கின விலைக்கே."

"கீழ்த்தளத்துல தனி ரூமே இருக்கு. ஆனா இதை யாரு பாத்துக்குவா? எங்ககிட்ட ஆளு இல்லையே."

மேனேஜருக்கு அப்போதுகூட ஒன்றும் தட்டுப்படவில்லை. மனைவி திரும்பி அவரை ஆசையோடு பார்த்தாள். பல வருஷங்களாக அவர் பார்க்காத பார்வை அது.

"இதை ராப்பகலா படிச்சவர் இவர் ஒருத்தர்தான். பக்கத்தை விட்டு நகர மாட்டார். வாக்கு குடுத்தா மாற மாட்டார். மெஷினோட வருவார்."

"சார் வருவாரா?" என்றார் பில்டர்.

"ஏம்மா, நான் எப்ப..." என்று தொடங்கினார் மேனேஜர்.

"மேனேஜரா இருந்தவர்" என்றாள் மனைவி.

"அப்ப மேனேஜராவே வரட்டும்!" பில்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுப் படங்கள் அத்தனையும் மேடத்துக்குத்தான் என்றும் சொல்லிவிட்டார்.

மறுபடி நான்கு பேர் வந்தார்கள். சுவரில் இரண்டாவது கோடு விழுந்தது. மெஷின் முன்னால் போனது. மேனேஜர் பின்னால் போனார். ஏசி படுக்கையறைக்குத் திரும்பியது. கீழ்வீட்டுக்காரரும் குடும்பத்தோடு திரும்பி வந்தார்.

புது இடத்தில் மேனேஜருக்குத் தனி அறை, முதுகு உள்ள நாற்காலி, கதவில் அவர் பதவி. பில்டர் அழைத்து வந்த ஆள் ஒருவர் மெஷினைப் புதிதாக செட் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். அது ஒழுங்காக ஓடியது. மேனேஜரும் ஓட ஆரம்பித்தார். யார் எந்தப் படத்தைத் திறந்தாலும், ஏன் திறந்தார் என்று நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஒருநாள் பில்டரே ஒரு படத்தைத் திறந்துவிட்டு, காரணம் சொல்லக் கீழ்த்தளத்துக்கு இறங்கி வர வேண்டியதாயிற்று. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது மேனேஜருக்குக் கால் வலிக்கும், குரல் கம்மியிருக்கும், ஆனால் முகம் தெளிவாக இருக்கும். மனைவியின் முகமும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மேனேஜர் ஹாலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி படம் வரைந்துகொண்டிருந்தாள். போன் அடித்தது. கையை எடுக்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், வணக்கம். நான் பில்டர் பேசறேன்."

"சொல்லுங்க சார். மெஷின் எப்படி இருக்கு?"

"மெஷினுக்கென்ன மேடம், தங்கம். அம்பது பேரும் சந்தோஷமா வேலை பாக்கறாங்க. அதாவது... வேலை பாக்க விட்டா பாப்பாங்க." பில்டர் தொண்டையைச் செருமினார். குரல் மிகவும் களைத்திருந்தது. "தப்பா நினைக்காதீங்க. மெஷின் எங்ககிட்டயே இருக்கட்டும். சாரை மட்டும் திருப்பி எடுத்துக்க முடியுமா?"

மேனேஜரின் கையில் பிரஷ் நின்றது.

மனைவி வரைந்துகொண்டிருந்த கோட்டை முடித்தாள். நிமிரவில்லை.

"மன்னிக்கணும் சார். வித்த பொருளை நாங்க வாபஸ் வாங்கறது இல்லை."